பதினொன்றரை காட்டிய படங்கள்

மதுரையில் அத்தனை பேருக்கு அத்தனை படம் காட்டி, ஒரு படம்கூட ஒருத்தர் கண்ணிலும் படாமல் போன மனிதர் அவர் ஒருவர்தான். தியேட்டர் நடத்தினார் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, எதிரே ஒரு சுவர், மேலே சூரியன். இதில் தகடு முதலாளியுடையது, சுவர் எதிர் லாட்ஜுக்காரருடையது. சூரியனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. பெயர்ப்பலகை, கேடயம், வீட்டு வாசலுக்குப் பித்தளைத் தகட்டில் பெயர் வெட்டிக் கொடுப்பது, இதுதான் தொழில். நான் எம்.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அங்கே தகடு தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுத்து வெட்டுகிறவர். இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கிற அந்தச் சந்துக்குள் வெயில் இறங்குவது பகல் பதினொன்றரைக்கு. அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்துமூன்றரை மணி நேரத்தையும் அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். அதனால் அவருக்கு 'பதினொன்றரை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சம்பளக் கவரில்கூட முதலாளி அப்படித்தான் எழுதுவார்.

மணி பதினொன்றரை ஆகிவிட்டால் அவர் எங்கே இருந்தாலும் அங்கே இருக்கமாட்டார். பரவையிலிருந்து வந்த அரிசி ஆலைக்காரர் ஒருவர் ஒருநாள் பெயர்ப்பலகைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். இரும்பு டேப் அவர் கையில், அதன் நுனி இவர் கையில். மணி அடித்ததும் இவர் நுனியை விட்டார். டேப் சர்ரென்று பாய்ந்துபோய் ஆலைக்காரரின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. அவர் போட்ட கூச்சலில் சந்தே திரும்பியது. இவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொந்த மச்சினன் கல்யாணத்தில், முதல் பந்தியில், சோற்றில் ரசத்துக்குக் குழி வெட்டி வைத்துவிட்டு எழுந்து ஓடியிருக்கிறார். ரச வாளியோடு வந்தவர் யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அப்படி என்னதான் செய்கிறார் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"குண்டான்ல தண்ணிய எடுத்து வெயில்ல வச்சா, மேல கூரையில வெளிச்சம் நெளியும்ல மாப்ள? அந்த நெளிவ நம்ம சொன்ன எடத்துல நிப்பாட்டிப்புட்டா படம். அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்பதைக் கேட்டு நானும் எளிதென்று நினைத்தேன். தகட்டைப் பார்த்தால் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு கோடு, ஒரு கீறல் இருக்காது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக எமரி உப்புத்தாளாலும் கட்டைவிரலாலும் மாதக் கணக்கில் தேய்த்து வைத்திருப்பார். வெயில் அதில் பட்டுச் சுவருக்குப் போகும்போது, சில இடத்தில் வெளிச்சம் கூடிக்கொள்ளும், சில இடத்தில் கலைந்துபோகும். கூடிக்கொண்ட வெளிச்சம் படமாகத் தெரியவேண்டும். கணக்கெல்லாம் சரிதான், பாடுபட்டதும் சரிதான். சுவரில் தெரிவது மட்டும் ஒவ்வொரு தடவையும் யாரோ மோரைக் கொட்டியதுபோல இருக்கும்.

இதில் ஒரு பிடிவாதம் வேறு. தகட்டில் என்ன படம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். பார்க்கிறவர்கள்தான் சொல்லவேண்டும்.

"நான் சொல்லி நீ பாத்தா, நான் சொன்னதுதான்டா ஒனக்குத் தெரியும். நீயாப் பாத்து நீயாச் சொல்லு."

நாங்களாகச் சொன்னோம். மூன்று வருஷம் சொன்னோம். குதிரையைக் கவிழ்ந்து கிடக்கிற ஸ்கூட்டர் என்றோம். கோபுரத்தை இட்லிக் கொப்பரை என்றோம். ஒரு மயிலை நான் வெகுநேரம் யோசித்து முதலாளியின் மாமனார் என்றேன், முதலாளியும் அசப்பில் அவர்தான் என்று ஒத்துக்கொண்டார். தப்பாகச் சொன்னால் அவர் சண்டைக்கு வரமாட்டார். தகட்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர பாஷையில் இரண்டு வார்த்தை முணுமுணுப்பார். எங்களுக்குப் புரியாததால் யாருக்கும் மனவருத்தம் வந்ததில்லை. அது குதிரை, இது மயில் என்பதெல்லாம், தகட்டை அவர் கைவிட்டுப் பல நாள் கழித்து, நாங்கள் கெஞ்சினால்தான் வெளியே வரும்.

எதிர்ச்சுவருக்குக் கீழே பூ விற்ற அம்மா மட்டும் யோசிக்கவே மாட்டார். நிமிர்ந்து பார்த்து, "முருகன்" என்று சொல்லிவிட்டு மறுபடி பூக்கட்ட ஆரம்பித்துவிடுவார். ஏம்மா இப்படி என்று கேட்டதற்கு, "எதுக்கும் முருகன்னு சொல்லி வச்சிருவேன் தம்பி. தப்பாப் போனாலும் புண்ணியம்தான?" என்றார்.

மூன்றாவது வருஷக் கடைசியில் பதினொன்றரைக்கு மனசு விட்டுப்போய், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கொஞ்சம் வளைந்து கொடுத்தார். பூக்காரம்மாவை நம்பி நிஜமாகவே முருகனைச் செய்துகொண்டு வந்தார். வேலும் மயிலும் சுவரில் விழுந்தன, அல்லது விழுந்ததாக அவர் நினைத்தார். பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளையார்" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நானே போய்க் கேட்டேன்.

"தெனமும் தம்பி பேரையே சொல்லிக்கிட்டிருந்தா அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றார் அந்த அம்மா.

இந்த மாதிரி விஷயத்தை வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வைத்துக் கணக்குப் போட்டு மெஷினில் வெட்டுகிறார்கள் என்று ஒரு வீடியோவை என் போனில் காட்டினேன். தலைமுடி உட்படத் துல்லியமாக ஒரு முகம் சுவரில் வந்து நின்றது. எனக்கு அவருக்கு முன்னால் அதைக் காட்டவே சங்கடமாக இருந்தது. நான்கு தடவை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் பண்ணிருக்காய்ங்க. ஆனா பாரு, கீழ யாரு மூஞ்சின்னு எழுதிப்புட்டாய்ங்களே. அதுல என்ன இருக்கு?" என்றார்.

எல்லாவற்றையும்விட மோசமான நாள் அவரை ஊரே பாராட்டிய நாள்தான். திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு தலைமையாசிரியருக்குப் பணி ஓய்வு விழா. கேடயத்தோடு, வெளிச்சத்தில் தலைமையாசிரியர் முகம் தெரிகிற தகடு ஒன்றும் தருகிறோம் என்று முதலாளி வாய்விட்டுவிட்டார். பதினொன்றரை ஒன்றரை மாதம் தேய்த்தார். மேடையில் விளக்கை அணைத்து, தகட்டில் ஃபோகஸ் லைட்டை அடித்தார்கள். சுவரில் மோர் கொட்டியது. தலைமையாசிரியர் மெல்ல எழுந்தார். அவர் நாற்பது வருஷம் பூகோளம் நடத்தியவர்.

"தமிழ்நாடு!" என்றார். "இந்தா பாருங்க கன்னியாகுமரி. இந்தா பாருங்க, ராமேஸ்வரம் நீட்டிக்கிட்டு நிக்கிது. என் வாழ்க்கையவே போட்டுக் காட்டிட்டீங்களே அய்யா!"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. பதினொன்றரையை மேடைக்கு இழுத்துப்போய்ப் பொன்னாடை போட்டார்கள். ராமேஸ்வரம் என்று தலைமையாசிரியர் சுட்டிக் காட்டியது அவருடைய சொந்த மூக்கு. விருந்தில் கை வைக்காமல் பொன்னாடையோடு பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்திருந்தவரை நான் தேடிப் பிடித்தேன்.

"பாராட்டிட்டாய்ங்க மாப்ள," என்றார், யாரோ செத்துப்போன சேதியைச் சொல்கிற குரலில். "அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு பாராட்டிட்டாய்ங்க."

கடைக்கு லேசர் மெஷின் வாங்குவது என்று முடிவானபோது, அதை வைக்க இருந்த ஒரே மூலை அவருடைய பெஞ்சு. முதலாளி கெட்டவர் இல்லை. அவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.

"ஆயுத பூஜை அன்னைக்கு ஒரே ஒரு தகடு காட்டுங்கண்ணே. இந்தச் சந்துல இருக்குற யாராச்சும் ஒருத்தர் இன்னதுன்னு சரியாச் சொல்லிட்டா, மெஷின மாடிக்கு ஏத்திர்றேன். பெஞ்சு ஒங்களுக்குத்தான். சரியாச் சொன்னாங்களா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. யாரும் சொல்லலேன்னா இந்தத் தேய்க்கிற சோலிய அன்னையோட விட்டுருங்க."

மூன்று மாதம் அவர் யாரோடும் பேசவில்லை. பதினொன்றரைக்கு எங்கள் முன்னால் சுவருக்கு வராமல் மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். பூஜைக்கு முந்தின நாள் மாடியிலிருந்து இறங்கி வந்தவரைப் பார்த்து எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை, அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

"விழுந்துருச்சு மாப்ள. கண் இமை வரைக்கும் விழுந்துருச்சு," என்று என் காதோடு சொன்னார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் ஆயுளில் அவர் கொடுத்த ஒரே துப்பு அதுதான்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட முடிந்தால் விட்டுவிடுவேன்.

ஆயுத பூஜை அன்று காலை கடையைக் கழுவித் துடைத்து, உளி, சுத்தி, ஸ்பேனர், துளை போடுகிற மெஷின் என்று ஒவ்வொன்றையும் பளபளப்பாக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. சாமி படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஒரு புதுத் தகடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முதலாளி பூஜைக்கு வைத்திருக்கிறார் என்று எடுத்துத் துடைத்தேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தேய்த்த தகட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடிக்கவேண்டும், அதில் தெரிகிற டியூப்லைட் நேராக இருந்தால்தான் தகடு வெளியே போகும். இந்தத் தகட்டைப் பிடித்தேன். டியூப்லைட் பாம்பாக நெளிந்தது. சாமி முன்னால் இப்படியா ஒரு பொருளை வைப்பது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அவருடைய தகடுகள் எப்போதும் வேட்டித் துணியில், பெஞ்சுக்கு அடியில் இருக்கும். சாமியிடம் ஒரு நாள் இருக்கட்டும் என்று அவர் இதை மட்டும் அங்கே கொண்டுபோய் வைத்திருப்பார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. எமரித்தாளைச் சுற்றிக்கொண்டு விரலாலேயே முதலில் தேய்த்தேன், அலை விரலுக்குத் தட்டுப்பட்டது. அது போகிறவரை தேய்த்தேன். பிறகு மெருகு போடுகிற பஃபிங் சக்கரத்தில் பிடித்தேன். முக்கால் மணி நேரம். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் செய்ததில்லை. டியூப்லைட் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக நின்றது. மூலைக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பதினொன்றரைக்குச் சந்து நிறைந்துவிட்டது. முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். லாட்ஜுக்காரர் வந்திருந்தார். பூக்காரம்மா அன்றைக்கு வியாபாரத்தையே ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார். அக்டோபர் மாதத்தில் ஒரு மேகம் இல்லை. பதினொன்றரை புது வேட்டி கட்டி, உள்ளே போய்ச் சாமியைக் கும்பிட்டு, தகட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கையில் இருந்த தகட்டின் நான்கு மூலையிலும் சந்தனத்தைப் பார்த்தபோதுதான் காலையில் நான் தேய்த்தது எந்தத் தகடு என்று எனக்குப் புரிந்தது.

வெயிலில் தகட்டைத் திருப்பினார். சுவரில் ஒரு சதுரம் விழுந்தது. மோர் இல்லை, கறை இல்லை, மேடு பள்ளம் எதுவும் இல்லை. அலம்பித் துடைத்த வெறும் சதுரம்.

எதற்கும் முருகன் என்று சொல்லிவைக்கிற பூக்காரம்மா, அன்றைக்குப் பார்த்து மனசாட்சியோடு, "ஒண்ணுமே இல்லையேப்பா" என்றார்.

அவர் தகட்டை ஒருதரம் திருப்பிப் பார்த்தார். விளிம்போடு கட்டைவிரலை ஓட்டினார். பிறகு அதைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பூஜைத் தட்டிலிருந்து ஒரு பிடி பொரி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"பொரி நமுத்துப் போச்சு மாப்ள," என்றார் என்னிடம். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

நான் சொல்லியிருக்கவேண்டும். முதலாளி காலில் விழுந்தாவது சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறக்கவில்லை. மறுவாரம் மெஷின் வந்து அந்த மூலையில் உட்கார்ந்தது. பதினொன்றரைக்கு வெயில் வந்து போகும், அவர் தலை நிமிராமல் கேடயத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்குப் போன் செய்து, "ஏன் தம்பி, கடையில என்ன நடந்துச்சு? மனுசன் எந்தப் பாஷையிலயும் பேசமாட்டேங்கிறாரு" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று அவரிடமும் பொய் சொன்னேன். தீபாவளிக்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

போன மாதம்தான் ஒருவழியாகத் தைரியம் வந்து அவரைத் தேடிப்போனேன். நாகமலை புதுக்கோட்டையில், பல்கலைக்கழகம் போகிற ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். சுற்றிலும் பொட்டல். மறைக்கிற மாடி ஒன்றும் இல்லாமல் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை வெயில். அத்தனை வெயிலையும் வைத்துக்கொண்டு அவர் வாசலில் கூழ்வடகத்துக்குக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்தத் தகட நாந்தான் தேச்சேன்."

"தெரியும்டா. உக்காரு."

"எப்பிடிண்ணே?"

"வெளிம்பு வரைக்கும் தேச்சிருந்துச்சே. அந்தக் கடையில ஒழுங்கா வேலை பாத்தவன் நீ ஒருத்தன்தான். அதான் வெனையாப் போச்சு."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமேண்ணே. நாலு அடி அடிச்சிருக்கலாம்."

"கேட்டா நீ அழுவ. நான் ஒன்னையத் தேத்துவனா, என்னையத் தேத்திக்கிருவனா?"

அப்போதே அழுதுவிட்டேன். அவர் குச்சியால் ஒரு காக்காயை விரட்டிவிட்டு, குச்சியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"கண்ணால பாத்தவன் நான் ஒருத்தன். கையால பாத்தவன் நீ ஒருத்தன். தேய்க்கயில விரல்ல என்ன தட்டுப்பட்டுச்சு? யோசிச்சு நீயாச் சொல்லு."

இத்தனை வருஷம் கழித்து, அழிந்துபோன ஒரு தகட்டுக்கு, அந்த மனுஷன் இன்னும் ஒருத்தர் சரியாகச் சொல்லமாட்டாரா என்று காத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி யோசித்தேன். நடுவில் ஒரு சரிவு இருந்தது. மூக்காக இருக்கலாம். அதன் பக்கத்தில் கடுகளவு ஒரு மேடு, மூக்குத்தி மாதிரி. கண் இமை என்று வேறு சொல்லியிருந்தார். உள்ளே அக்கா காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"அக்காவாண்ணே?"

அவர் என்னையே பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இல்ல மாப்ள," என்றார். அந்த 'இல்ல'வில் கடைசியாக இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. மறுபடி காக்காய்ப் பக்கம் திரும்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா அவட்ட அப்படியே சொல்லிரு."

அக்கா டம்ளரோடு வந்தார். அண்ணன் மூன்று மாதம் உட்கார்ந்து தேய்த்தாரே ஒரு தகடு, அதில் இருந்தது நீங்கள்தான் அக்கா, கண் இமை, மூக்குத்தி உட்பட, என் கையாலேயே பார்த்தேன் என்று சொன்னேன். அண்ணன் வடகத்தை எண்ணுகிறவர்போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மட்டும் இங்கே இருந்தது.

"நானா?" என்றார் அக்கா. "மூணு மாசமும் நானா? கேட்டா ஒரு வார்த்த சொன்னாரா பாருங்க தம்பி." எனக்காகக் கொண்டுவந்த காப்பியை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பொன்னாடை போட்டபோதும் சந்தோஷப்படாத மனிதர், அந்தக் காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் யாராவது நாகமலைப் பக்கம் போய் அக்காவைப் பார்க்க நேர்ந்தால், தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.